‘கமென்ஸ் பண்ணு’ என்று சொல்லும் மெக்கானிக்கைப் பார்த்ததுண்டா?

(இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)

இங்கிலீஷைப் பற்றி ஆண்டு மலரில் எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "இங்கிலீஷைப் பத்தித் தமிழ்லயாடா எழுதப்போற?" என்பதுதான். ஆமாம், தமிழில்தான். இங்கிலீஷைக் கண்டு நமக்கு வருகிற பயம் முழுக்கத் தமிழில்தானே வருகிறது! அதனால் தமிழிலேயே பேசிப் பார்ப்போம்.

அன்பு நண்பர்களே! நம்மில் பலர் நரிக்குடி, பரளச்சி, கல்லூரணி, பந்தல்குடி, ம.ரெட்டியபட்டி என்று சுற்றுவட்டாரக் கரிசல் காட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். பத்தாவது வரை தமிழ் மீடியம். அப்பா அம்மா பருத்தி, உளுந்து, கம்பு என்று வானம் பார்த்த பூமியோடு மல்லுக்கட்டுகிறவர்கள். இல்லையென்றால் ஸ்பின்னிங் மில்லிலோ தறியிலோ ஷிப்ட் பார்க்கிறவர்கள். இப்படி வந்து சேர்ந்த நாம், முதல் வருஷத்தில் சொந்தத் தேவைக்காக இங்கிலீஷில் எழுதுகிற முதல் எழுத்து எது? லீவ் லெட்டர்தான். அது எப்படி ஆரம்பிக்கிறது?

"ரெஸ்பெக்டட் சார், ஐ மோஸ்ட் ஹம்பிளி பெக் டு ஸ்டேட் தட்..."

பெக் என்றால் கெஞ்சுவது. பிச்சை கேட்பதற்கும் அதே சொல்தான். காய்ச்சல் வந்தவன் ரெண்டு நாள் லீவு கேட்கிறான். இதில் கெஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? போனஃபைடு சர்டிபிகேட் கேட்கிற மாணவியும் இதையே எழுதுகிறாள். இந்தக் கல்லூரியில் படிக்கிறாள் என்ற உண்மையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்பது அவளுடைய உரிமை. அதற்கும் ‘மோஸ்ட் ஹம்பிளி’! கடைசியில் "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அண்ட் ஆப்ளைஜ்" என்று ஒரு கும்பிடு. அதற்கும் கீழே "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று இன்னொரு கும்பிடு. ஒரு லெட்டருக்கு எத்தனை கும்பிடு சாமி?

இதை நாமாக உண்டாக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்து ஆபீஸ் கடிதங்கள் "ஐ ஹாவ் தி ஆனர் டு பி, சார், யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்" என்றுதான் முடியும். அன்றைக்கு லண்டனிலும் அதிகாரிக்கு அதிகாரி அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது வெறும் சம்பிரதாயம். இங்கே அதைப் பார்த்து எழுதிப் பழகிய குமாஸ்தாக்கள் அதுதான் இங்கிலீஷ் என்று நினைத்தார்கள். குமாஸ்தாவிடமிருந்து தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவருக்கு, அவரிடமிருந்து பள்ளிக்கூடத்து மாதிரிக் கடிதப் புத்தகத்துக்கு, அங்கிருந்து நமக்கு. ‘டூ தி நீட்ஃபுல்’ என்பதும் ஒரு காலத்தில் அவர்கள் ஊரில் சாதாரணமாகப் புழங்கியதுதான். அவர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்!

மனு எழுதுகிறவர் என்றதும் திருச்சுழிக்காரனான எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவருடைய தகப்பனார் சுந்தரம் ஐயர் கிராமக் கணக்கரிடம் மாதம் இரண்டு ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிறகு மனு எழுதி, அதற்குப் பிறகு வக்கீல் தொழில் பார்த்தவர். தகப்பனார் இறந்ததும் பையன் வேங்கடராமன் மதுரைக்குப் போய் அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில் படித்தார். 1896 ஆகஸ்ட் 29-ம் தேதி அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? இங்கிலீஷ் பாடம் ஒழுங்காகப் படிக்காததற்குத் தண்டனையாக, பெயின் என்பவர் எழுதிய இங்கிலீஷ் கிராமரில் ஒரு பாடத்தை மூன்று தடவை காப்பி எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவது தடவையில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தவர்தான், திருவண்ணாமலைக்குப் போய்விட்டார்!

கிராமர் பிடிக்காதவர்கள் எல்லாரும் சாமியாராகலாம் என்று சொல்ல வரவில்லை. (ஹாஸ்டலில் இடம் காலியாகும் என்பது வேறு விஷயம்.) போகும்போது அவர் வைத்துவிட்டுப் போன சீட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தமிழில் நாலைந்து வரி. நல்ல காரியமாகத்தான் போவது, யாரும் வருத்தப்பட வேண்டாம், தேடுகிறோம் என்று காசைச் செலவழிக்க வேண்டாம், அண்ணனின் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை, மிச்சம் ரூபாய் இரண்டு இதோடு இருக்கிறது. அவ்வளவுதான். அண்ணன் எடுத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை ரயிலுக்கு எடுத்துக்கொண்டு கணக்கையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டிலிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது, கையெழுத்துகூட இல்லை. வாழ்க்கையே திசைமாறுகிற நாளில் பதினாறு வயசுப் பையனுக்கு நாலைந்து வரி போதுமாக இருந்தது. ரெண்டு நாள் காய்ச்சலுக்கு நமக்கு ஒரு முழுப் பக்கம் தேவைப்படுகிறது!

இப்போது பட்டறைக்கு வருவோம். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கிற டூவீலர் பட்டறை எதிலாவது அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். "தம்பி, வண்டியை ஸ்டார்ட் பண்ணு... ஆஃப் பண்ணு... அந்த நட்டை லூஸ் பண்ணு... இப்ப டைட் பண்ணு... பிரேக்கை செக் பண்ணு... அந்த ஒயரைக் கட் பண்ணிரு." எட்டாவதோடு படிப்பை நிறுத்திய தம்பி இத்தனை இங்கிலீஷ் சொல்லையும் அர்த்தம் தவறாமல் சொல்கிறான். லண்டன் பட்டறையிலும் இதே சொற்கள்தான். ஆனால் நாம் டிப்ளமா படித்த பிறகு பேனாவைக் கையில் எடுத்தால்? ஸ்டார்ட் போய் ‘கமென்ஸ்’ வருகிறது. ஸ்டாப் போய் ‘டிஸ்கன்டின்யூ’. யூஸ் போய் ‘யுடிலைஸ்’. ட்ரை போய் ‘என்டெவர்’. ஹெல்ப் போய் ‘ரெண்டர் அசிஸ்டன்ஸ்’. "எஞ்சினைக் கமென்ஸ் பண்ணு" என்று எந்த மெக்கானிக்காவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

என் கட்சி இதுதான். இயல்பான இங்கிலீஷ் நமக்குத் தெரியாத ஒன்றில்லை. நம் தமிழுக்குள்ளேயே அது வாழ்ந்துகொண்டிருக்கிறது. அப்பா பேசுகிறார், மில் ஃபிட்டர் பேசுகிறார், பஸ் கண்டக்டர் பேசுகிறார். எழுத உட்காரும்போது அதை நாமே ‘லோக்கல்’ என்று தள்ளிவிட்டு, அர்த்தம் பாதி தெரிந்த சொல்லைத் தேடிப்போகிறோம். தமிழ் மீடியம் என்பது தெரிந்துவிடக்கூடாது என்று பெரிய சொல்லைப் போடுகிறோம். அந்தப் பெரிய சொல்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது!

இந்த இரட்டை வேஷம் இங்கிலீஷுக்கே பிறவியில் வந்தது. 1066-ல் பிரான்ஸிலிருக்கும் நார்மண்டியிலிருந்து வில்லியம் என்பவன் படையோடு வந்து இங்கிலாந்தைப் பிடித்தான். அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு, சர்ச்சில் லத்தீன், காட்டிலும் மேட்டிலும் இங்கிலீஷ். கோர்ட்டில் இங்கிலீஷ் பேசலாம் என்று சட்டம் போடவே 1362 ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! அப்படித்தான் ஒரே காரியத்துக்கு இரண்டு சொல் நின்றுவிட்டது. குடியானவன் சொன்னது ‘பிகின்’, ‘எண்ட்’, ‘ஆஸ்க்’, ‘பை’. அதிகாரம் செய்தவன் சொன்னது ‘கமென்ஸ்’, ‘டெர்மினேட்’, ‘டிமாண்ட்’, ‘பர்ச்சேஸ்’. நமக்கும் இது புதிதா? நவாபு காலத்துச் சொற்கள் கோர்ட்டிலும் தாலுகா ஆபீஸிலும் வாய்தா, ஜப்தி, ஜாமீன் என்று இன்னமும் உட்கார்ந்திருக்கின்றனவே.

அதற்காகப் பிரெஞ்சு வழி வந்த சொல்லையெல்லாம் விரட்ட வேண்டும் என்று சொன்னால் அதுவும் கிறுக்குத்தனம். ‘யூஸ்’, ‘ட்ரை’ இரண்டுமே பிரெஞ்சு வழியாக வந்தவைதான். ‘செக்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கிற செக். அதற்கு மூலம் பாரசீகத்து ‘ஷா’, அதாவது ராஜா. நம் ஊர்ப் பட்டறையில் பிரேக்கை செக் பண்ணுகிற தம்பி பாரசீக ராஜாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்! வாய்தாவும் ஜாமீனும் இன்றைக்கு நம் வாயில் எவ்வளவு சகஜம்! ஆகவே சொல்லின் பூர்வீகத்தை விசாரித்துப் பிரயோஜனமில்லை. அது வாயில் புழங்குகிறதா என்று பார்த்தால் போதும். நான் வைத்திருக்கிற சோதனை ஒன்று உண்டு: அந்தச் சொல்லோடு ‘பண்ணு’ சேர்த்துப் பட்டறையில் சொன்னால் யாராவது சிரிப்பார்களா? யுடிலைஸ் பண்ணு, எண்டெவர் பண்ணு, ஃபெசிலிடேட் பண்ணு... சிரிப்பார்கள். அப்படியானால் அதை எழுத்திலும் விட்டுவிடலாம். எல்லாச் சொல்லுக்கும் இது சரிப்பட்டு வராது, ‘பை பண்ணு’ என்று நாம் சொல்வதில்லை. என்றாலும் முக்கால்வாசிக்கு வேலை செய்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "சின்னச் சொல்லாப் போட்டா மரியாதை இல்லாத மாதிரி இருக்காதா?" இதை நான் ரொம்ப யோசித்தேன். தமிழில் நமக்கு ‘ங்க’ இருக்கிறது. ‘குடு’ என்பதை ‘குடுங்க’ என்றால் மரியாதை வந்துவிடுகிறது. நீ, நீங்க, அண்ணே, ஐயா, சார் என்று வரிசையாகப் படி இருக்கிறது. இங்கிலீஷில் ‘யூ’ ஒன்றுதான். பிரின்சிபாலுக்கும் யூ, தம்பிக்கும் யூ. கை உதறுகிறது நமக்கு! அந்த ‘ங்க’வை எங்கேயாவது சொருக வேண்டும் என்றுதான் ரெஸ்பெக்டட், கைண்ட்லி, ஹம்பிளி, ஒபீடியன்ட்லி என்று அடுக்குகிறோம். அவர்களுக்கும் ‘ங்க’ இருக்கிறது நண்பர்களே. அதை அவர்கள் ‘ப்ளீஸ்’ என்பதிலும், ‘குட் யூ’ என்று கேட்பதிலும், ‘தேங்க் யூ’விலும் வைத்திருக்கிறார்கள். "குட் யூ ப்ளீஸ் சைன் திஸ், சார்?" இதைவிட மரியாதையாக ஒரு இங்கிலீஷ்காரன் தன் பிரின்சிபாலிடம் கேட்க மாட்டான்.

அவர்கள் ஊரிலும் இதற்காகச் சண்டை போட வேண்டித்தான் இருந்தது. பீகாரில் மோதிஹாரியில் 1903-ல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் ஒரு கட்டுரை எழுதினார்: கனமான சொற்கள் பொய்யை மறைக்க வசதியான போர்வை என்பது அதன் சாரம். 1948-ல் பிரிட்டிஷ் கருவூலத் துறையே கேட்டுக்கொண்டதன் பேரில் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரி, அரசு ஊழியர்கள் எளிமையாக எழுதுவதற்கென்று ‘பிளெயின் வேர்ட்ஸ்’ என்ற புத்தகத்தைப் போட்டார். 1979-ல் கிறிஸ்ஸி மாஹர் என்ற லிவர்பூல் பெண்மணி, புரியாத அரசாங்கப் படிவங்களை லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் வைத்தே துண்டு துண்டாகக் கிழித்துப் போராட்டம் நடத்தினார். சிறு வயதில் படிப்பு சரியாகக் கிடைக்காதவர் அவர். அமெரிக்காவில் 2010-ல் அரசு எளிய இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று சட்டமே வந்தது. அந்த ஊர்க்காரனுக்கே புரியாததை நாம் கௌரவம் என்று சுமந்துகொண்டு திரிகிறோம்.

நாம் டெக்னிக்கல் படிக்கிறவர்கள், நமக்குக் கனமான சொல் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். டார்க், வோல்டேஜ், டென்சைல் ஸ்ட்ரெங்த்... இவற்றுக்கு மாற்று கிடையாது, தேடவும் கூடாது. அவை கருவிகள் மாதிரி. வெர்னியர் காலிப்பர் இருக்க வேண்டிய இடத்தில் மரஸ்கேலை வைக்க முடியுமா? நான் குறை சொல்வது அந்தச் சொற்களுக்கு நடுவே நாம் போடுகிற ஜரிகைச் சொற்களைத்தான். மில்லில் பெல்ட் அறுந்துவிட்டது. ஃபிட்டர் என்ன சொல்கிறார்? "பெல்ட்டு கட்டாயிருச்சு." லாக் புக்கில் "பெல்ட் கட்" என்று எழுதினால் அடுத்த ஷிப்ட்காரருக்கு அந்த நொடியே புரியும். "தி பெல்ட் வாஸ் ஃபவுண்ட் டு ஹாவ் பீன் ஸெவர்ட்" என்று எழுதினால் அவர் ஸெவர்ட் என்றால் என்ன என்று யோசிக்கிற நேரத்தில் ரிங் ஃபிரேம் சும்மா நிற்கும்.

விமானக் கம்பெனிக்காரர்கள் இதை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். விமானத்தைப் பழுது பார்க்கிற டெக்னீஷியன்களில் ஏராளமானோருக்கு இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது, நம்மைப் போன்றவர்கள்தான். கையேட்டில் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1970களின் கடைசியில் ஐரோப்பிய விமானக் கம்பெனிகள் கேட்டுக்கொண்டதால் ஒரு எளிய இங்கிலீஷை வரையறுத்து 1986-ல் வெளியிட்டார்கள். இன்றைக்கு அதன் பெயர் ஏஎஸ்டி-எஸ்டிஇ100. பொதுச் சொற்கள் சுமார் 900 மட்டும். மற்றவை அந்தந்தத் தொழிலின் கலைச்சொற்கள். ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம். வேலை சொல்கிற வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. பிகின், கமென்ஸ், இனிஷியேட் மூன்றுக்கும் அங்கே இடமில்லை. என்ன சொல்ல வேண்டும்? ‘ஸ்டார்ட்’. நம் பட்டறைத் தம்பியின் சொல்! கோடி கோடியாகப் பணம் போட்டுப் பறக்கவிடுகிற விமானத்துக்குப் போதுமான சொல், நம் ரெக்கார்டு நோட்டுக்குப் போதாதா?

பாதுகாப்பு என்று வந்துவிட்டால் இது வெறும் நடை சமாச்சாரமாக நிற்பதில்லை. அருப்புக்கோட்டை வழியாகப் போகிற மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் நின்று டேங்கர் லாரிகளைப் பாருங்கள். பின்னால் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருக்கும். இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது, இன்கரெக்ட் என்றால் சரியில்லாதது. அப்படியானால் இன்ஃபிளேமபிள்? தீப்பிடிக்காதது என்றுதானே முதல் வருஷத்துப் பையன் நினைப்பான்! உண்மையில் லத்தீன் மூலத்தில் அந்த ‘இன்’ எதிர்மறை கிடையாது. சுலபமாகத் தீப்பற்றும் என்பதே பொருள். இந்தக் குழப்பம் ஆளைக் கொல்லும் என்று பயந்து, 1920களிலேயே அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்று எழுதுங்கள் என வற்புறுத்தியது. இன்றைய சர்வதேச ரசாயன லேபிள் முறையிலும் ஃபிளேமபிள்தான். பக்கத்திலேயே சிவகாசியும் சாத்தூரும் இருக்கிற நம் மாவட்டத்தில், தீயைப் பற்றிய சொல்லில் சந்தேகத்துக்கு இடம் வைக்கலாமா?

இன்னொன்று, நம் வீட்டுக் காசு சம்பந்தப்பட்டது. 2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குவது மாதிரி நம் நிலத்தில் மட்டும் விழுகிற சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதி. தெரிவிப்பதற்கு ஆபீஸ் இங்கிலீஷில் போடுகிற சொல் ‘இன்டிமேட்’. டிக்ஷனரியைப் புரட்டினால் முதல் அர்த்தம் ‘நெருக்கமான’ என்று நிற்கிறது. ‘டெல் அஸ்’ என்று ரெண்டு சொல்லில் முடிகிற காரியம். மூன்று நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது, பருத்திக்காட்டில் தண்ணீர் நிற்கிற மனுஷனும் அவருடைய டிப்ளமா படிக்கிற மகளும் சொல்லுக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்க வேண்டுமா? கெய்ம் கிடைக்காவிட்டால் வருகிற கடிதத்தில் ‘ரெபுடியேட்டட்’ என்று இருக்கும். இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதே பல வீட்டில் பல நாள் கழித்துத்தான் தெரியவருகிறது. கனமான சொல் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

இயல்பான இங்கிலீஷ் என்றால் சினிமாவில் வருகிற அமெரிக்கப் பேச்சைக் காப்பி அடிப்பது என்று நினைத்துவிட வேண்டாம். ‘ப்ரோ, வாட்ஸ் அப்’ என்று வைவா எக்ஸாமினரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மண்ணில் முளைத்த இங்கிலீஷைப் பற்றி எனக்கு வெட்கமும் கிடையாது. ‘ப்ரீபோன்’ என்பது நம் நாட்டில் சகஜமாகப் புழங்குகிற சொல். போஸ்ட்போன் இருந்தால் ப்ரீபோன் இருக்க வேண்டாமா? சின்னது, கேட்டதும் புரிகிறது, ஆக்ஸ்போர்டு டிக்ஷனரியே சேர்த்துக்கொண்டுவிட்டது. ‘கோ-பிரதர்’ என்று சகலையைச் சொல்கிறோம். வெள்ளைக்காரனிடம் அந்த உறவுக்குத் தனிச்சொல்லே இல்லை, அது அவன் குறை. கரிசல் காட்டுப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கிய காலத்தில், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கி.ராஜநாராயணன் அந்தச் சொற்களையே திரட்டி 1982-ல் வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியராக உட்கார வைத்தது. அதே பேச்சில் எழுதிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. வாயில் புழங்குகிற சொல்லுக்கு ஒரு கம்பீரம் உண்டு, அது எந்தப் பாஷையானாலும்.

கேம்பஸ் இன்டர்வியூ பற்றிச் சொல்லாமல் விட்டால் சீனியர்கள் கோபித்துக்கொள்வார்கள். "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றதும் நாம் ஒப்பிப்பது என்ன? "ஐ ஆம் ஹெய்லிங் ஃப்ரம் அருப்புக்கோட்டை. மை ஃபாதர் இஸ் அன் அக்ரிகல்ச்சரிஸ்ட்." பத்துப் பேர் உள்ளே போனால் எட்டுப் பேரிடம் இதே வசனம், கேட்கிறவர் பேனாவை மூடி வைத்துவிடுகிறார். அப்பா பருத்தி போடுகிறாரா? "மை ஃபாதர் குரோஸ் காட்டன்." நாலே சொல். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். எத்தனை ஏக்கர், மழை எப்படி என்று அடுத்த கேள்வி கேட்பார். அதற்குப் பதில் நமக்குத் தெரியும். ‘அக்ரிகல்ச்சரிஸ்ட்’ என்றால் அதற்கு மேல் கேட்கவும் ஒன்றுமில்லை, சொல்லவும் ஒன்றுமில்லை. அப்பாவை மறைத்துவிடுகிற சொல் அது. ‘பாஸ்டு அவுட் இன் 2023’ என்று சொல்லிவிடாதீர்கள், வெளிநாட்டுக்காரன் காதில் அது மயங்கி விழுந்தேன் என்று விழும். அப்புறம் பயோடேட்டாவின் அடியில் "ஐ டூ ஹியர்பை டிக்ளேர்" என்று கோர்ட் சத்தியப் பிரமாணம் எதற்கு? மேலே எழுதியது உண்மை என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டிய நிலையிலா இருக்கிறோம்?

இப்போது போனே லெட்டர் எழுதிக் கொடுக்கிறது. கேட்டுப் பாருங்கள், அதுவும் "ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்" என்றுதான் ஆரம்பிக்கிறது. பழைய குமாஸ்தா புது வேஷத்தில் வந்திருக்கிறார். அதை வாங்கி உரக்க ஒருமுறை படித்துவிட்டு, நம் வாயில் வராததை அடித்துவிட்டு அனுப்பினால் போதும்.

மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். (கோரிக்கை இல்லாமல் பேரவை மலரில் கட்டுரையா!) அடுத்த வருஷம் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கொடுக்கிற கையேட்டில் உள்ள மாதிரி லீவ் லெட்டரை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

"டியர் சார், ஐ ஹாவ் ஃபீவர். ஐ கேனாட் கம் டு கிளாஸ் டுடே அண்ட் டுமாரோ. ப்ளீஸ் கிவ் மீ லீவ் ஃபார் தீஸ் டூ டேஸ். தேங்க் யூ."

டியர் சாரை விட்டுவிட்டு எண்ணினால் இருபத்தோரு சொல். காய்ச்சலோடு எழுத முடிகிற அளவுதான். இதை அச்சடிக்கிற செலவும், ஏற்கெனவே அங்கே இருக்கிற ‘மோஸ்ட் ஹம்பிளி’ கடிதத்துக்கு ஆகிற மையைவிடக் கம்மி.